கனடாவுக்கு வீட்டுச் சாமான்: கூடவே வரும் பெட்டியா, ஏர் கார்கோவா, கண்டெய்னரா, விற்றுவிட்டுப் போவதா?

"பி.ஆர். (நிரந்தர வதிவிட அனுமதி) வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. வீட்டுச் சாமானை என்ன செய்யலாம்?" இப்படித் தொடங்கும் கடிதங்கள் மாதத்துக்கு நான்கைந்தாவது எனக்கு வருகின்றன. கோவை, மதுரை, தாம்பரம் என்று ஊர்தான் மாறுகிறது. கடைசி வரி மாறுவதே இல்லை: "கன மீட்டருக்கு இவ்வளவு சொல்கிறார்கள், சரியான ரேட்தானா?"

அந்த ரேட்டை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னையில் பேசும் கூலி சாமானை ஏற்றி அனுப்புவதற்கு. அது டொரண்டோவில் இறங்கி, சுங்கத்தில் முத்திரை வாங்கி, கிடங்கைவிட்டு வெளியே வந்து, உங்கள் வாசலுக்கு வந்து சேரும் வரைக்குமான செலவு வேறு வேறு ரசீதுகளாக வரும். எந்த வழி மலிவு என்பது கடைசி ரசீதைக் கையில் வாங்கும்போதுதான் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து டொரண்டோ பக்கம் குடும்பத்தோடு குடியேறுகிறவர்களை மனதில் வைத்து ஒவ்வொரு வழியையும் இங்கே எடைபோடுகிறேன்.

## எதையெல்லாம் வைத்துப் பார்ப்பது

முதல் கேள்வி, சுங்கத்தின் கண்ணில் நீங்கள் யார் என்பது. ஓராண்டுக்குக் குறையாமல் தங்கிக் குடியிருக்க முதன்முறையாக வருகிறவர் 'குடியேறி'. அவர் பழகிய வீட்டுச் சாமானுக்கு வரி கிடையாது. படிக்க வருகிறவரும், 36 மாதத்துக்கு மேற்படாத தற்காலிக வேலைக்கு வருகிறவரும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்கள் சொந்த உபயோகத்துக்குப் பொருள் கொண்டுவரலாம். திரும்பும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆகவே இரண்டு வருட வொர்க் பர்மிட்டில் வருகிறவர் கண்டெய்னர் போடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, சாமானை எடுக்கச் சுங்கக் கவுண்டரில் யார் போய் நிற்பார்? வேலைநாளில், பகல் நேரத்தில், பெரும்பாலும் பஸ் சரியாகப் போகாத கிடங்குப் பகுதிக்குப் போய்வர வேண்டும். புது வேலை, கார் இல்லை, வீட்டில் கைக்குழந்தை என்றால் இதுவே பெரிய செலவு.

மூன்றாவது, அந்தப் பொருள் எப்போது தேவை. நான்காவது, பெட்டியைத் திறந்து சோதித்தால் அதற்கான கூலி யார் தலையில் விழும். ஐந்தாவது, அந்தப் பொருள் அங்கே உதவுமா. நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். மேலே உள்ள ஐந்துக்கும் விடை தெரிந்தால்தான் பணக் கணக்கே ஒழுங்காக வரும்.

## எந்த வழியானாலும் லிஸ்ட் முதல்

என் தம்பி குடும்பம் வந்து இறங்கியது ஒரு ராத்திரி. இரண்டு பிள்ளைகளும் தோளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இமிக்ரேஷன் முடிந்ததும் சுங்க அதிகாரி, "பின்னால் வரும் சாமான் ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறார். கையில் இருக்கிற பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு டாக்சி பிடித்துவிட்டான். பதினாலு பெட்டி அப்போது நடுக்கடலில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவை வந்து சேர்ந்தபோது, கவுண்டரில் கேட்ட முதல் தாள் அவனிடம் இல்லை. எட்டு வருடம் பருப்பு வேகவைத்த குக்கருக்கும், அம்மா கட்டிய பட்டுப்புடவைக்கும் வரி கட்டித்தான் வெளியே எடுத்தான்.

அந்தத் தாளுக்குப் பெயர் பி.எஸ்.எஃப். 186. பழைய ஆட்கள் 'பி 4' என்பார்கள். முறை இதுதான். கிளம்புமுன் சாமான் பட்டியலை இரண்டு பிரதி தயார் செய்ய வேண்டும். பட்டியல் இரண்டு பகுதி: இப்போது கூடவே வருவது ஒன்று, பின்னால் வரப்போவது மற்றொன்று. பொருள், மதிப்பு, மின்சாதனமானால் மேக், மாடல், சீரியல் நம்பர். முதலில் வந்து இறங்கும் விமான நிலையத்திலேயே, கையில் ஒரு பெட்டிகூட இல்லாவிட்டாலும், இந்தப் பட்டியலைக் கொடுத்துப் படிவத்தில் எண் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. வரிச்சலுகை அந்தப் பட்டியலில் இருக்கும் பொருளுக்குத்தான். பின்னால் நினைவுக்கு வந்ததைச் சேர்க்க முடியாது. பி.ஆரை உறுதி செய்ய முதலில் சில நாள் மட்டும் வந்து போகிறவர்களும் அன்றைக்கே பட்டியலைக் கொடுத்துவிடுவது நல்லது.

சலுகைக்கு மூன்று நிபந்தனை: பொருள் உங்களுக்குச் சொந்தமாக, உங்கள் கைவசத்தில், நீங்கள் பயன்படுத்தியதாக இருக்க வேண்டும், அதுவும் கனடாவுக்கு வந்து சேருமுன். பெட்டி பிரிக்காத புது மிக்சி இதில் சிக்கும். ஒரே பொருளின் மதிப்பு 10,000 கனடிய டாலரைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு வரி உண்டு. வந்த ஒரு வருடத்துக்குள் அந்தச் சாமானை விற்றாலும் கொடுத்தாலும் வரி கட்ட வேண்டும்.

பட்டியலில் 'வீட்டுச் சாமான் - 1 பெட்டி' என்று எழுதுவது வம்பை வாங்குவது. எங்கள் பட்டியலில் ஒரு வரி இப்படி இருந்தது: "பெட்டி 7: எவர்சில்வர் இட்லிப் பானை 1, தூக்கு 3, பித்தளைக் குத்துவிளக்கு 2, பழையவை." அதிகாரியின் விரல் குத்துவிளக்கில் நின்றது. போனில் படத்தைக் காட்டினோம். அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த வழியானாலும் அதைத் தனியாக அனுப்பாதீர்கள். உடம்பிலோ கைப்பையிலோ வரட்டும். மதிப்பீட்டுச் சான்றும் படமும் பட்டியலோடு இருக்கட்டும். சென்னையில் விமானம் ஏறுமுன் இந்தியச் சுங்கத்திடம் நகைக்கு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், பின்னால் கல்யாணம் காட்சிக்கு அதே நகையோடு ஊருக்கு வரும்போது தொல்லை இருக்காது.

## வழி 1: விமானத்தில் கூடவே

கனடா போகும் பெரும்பாலான விமானங்களில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. நான்கு பேர் குடும்பத்துக்கு எட்டுப் பெட்டி, 184 கிலோ. இது டிக்கெட்டிலேயே அடங்கிவிட்டது. இதற்கு மேல் காசு கட்டிப் பெட்டி கூட்டிக்கொள்ளலாம். எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது.

சுங்கத்தைப் பொறுத்தவரை இதைவிட எளிய வழி கிடையாது. நீங்களும் சாமானும் ஒரே நேரத்தில் அதிகாரிக்கு முன்னால் நிற்கிறீர்கள். கேட்டால் திறந்து காட்டலாம், அங்கேயே முடிந்துவிடும். கிடங்கு வாடகை, ஏஜென்ட், இரண்டாவது நடை எதுவும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு: எட்டுப் பெட்டிக்குமேல் போனால் வீட்டுக்குப் போக வேன் பிடிக்க வேண்டும். நடுவில் விமான கம்பெனி மாறினால் கூடுதல் பெட்டிக்கு இரண்டாவது கம்பெனி தன் விதியைச் சொல்லும். ஒரே டிக்கெட்டாக எடுத்து, கூடுதல் பெட்டியை முன்கூட்டியே ஆன்லைனில் கட்டிவிடுங்கள். கவுண்டரில் கட்டினால் கூடும்.

நான் பார்த்தவரை, வாடகை வீட்டில் முதல் வருடத்தைத் தொடங்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதும்.

## வழி 2: ஏர் கார்கோ

ஆள் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். ஒன்றிரண்டு வாரத்தில் வந்துவிடும். ஆனால் கூலி எடைக்கு மட்டும் இல்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000 ஆல் வகுத்து வரும் 'கன எடை'யையும் பார்ப்பார்கள்; எது அதிகமோ அதற்குத்தான் கூலி. 60 × 50 × 40 பெட்டிக்கு 20 கிலோ. அதற்குள் தலையணையும் போர்வையுமாக 8 கிலோ இருந்தாலும் 20 கிலோவுக்குக் கட்ட வேண்டும். கூரியர்காரர்கள் 5000 ஆல் வகுப்பார்கள். அதே பெட்டி 24 கிலோ ஆகிவிடும். அளவெடுக்கும்போது பெட்டியின் வயிறு புடைத்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் அளப்பார்கள்.

டொரண்டோவில் பெட்டி விமான நிலையக் கார்கோ கிடங்குக்குப் போகும். அங்கே கட்டணம் கட்டித் தாளை வாங்கி, சுங்க அலுவலகத்துக்குப் போய் பி.எஸ்.எஃப். 186-ஐக் காட்டி முத்திரை வாங்கி, மறுபடி கிடங்குக்கு வந்து பெட்டியை எடுக்க வேண்டும். இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் மிகக் குறைவு, அதன்பின் வாடகை ஓடும். வெள்ளிக்கிழமை வந்து சேரும் பெட்டிக்குத் திங்கட்கிழமையே வாடகை தொடங்கியிருக்கலாம்.

இது யாருக்குச் சரி? குளிர்காலத்தில் வந்து இறங்கி, குழந்தையின் சாமான், தொழிலுக்கான கருவி என்று இரண்டு மூன்று பெட்டி உடனே வேண்டும், விமானத்தில் இடமில்லை என்கிறவர்களுக்கு. புத்தகத்தை இந்த வழியில் அனுப்பாதீர்கள்.

## வழி 3: கடல்வழி, பங்கு கண்டெய்னர்

கடிதங்களில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். எல்.சி.எல். என்பார்கள்: பல பேர் சாமானை ஒரே கண்டெய்னரில் ஏற்றி, ஆளுக்கு எத்தனை கன மீட்டரோ அதற்குக் கூலி. சென்னையில் கேட்கும்போது மிக மலிவாகத் தெரியும்.

சாமான் சென்னையில் ஏறி, பெரும்பாலும் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறி, ஹாலிஃபாக்ஸ் அல்லது மான்ட்ரியலில் இறங்கி, ரயிலில் டொரண்டோ பக்கம் வரும். இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றும் ஆகலாம். 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக வேண்டி வந்தபோது பயணம் இன்னும் நீண்டது.

வந்ததும் ஒரு அறிவிப்பு வரும். அதில்தான் கணக்குத் தொடங்கும்: துறைமுகக் கையாளுகைக் கட்டணம், கண்டெய்னரைப் பிரிக்கும் கட்டணம், ஆவணக் கட்டணம், கிடங்குக் கட்டணம். இவற்றில் சில சாமான் எவ்வளவு சின்னதானாலும் குறையாது. கப்பல் கூலிக்கும் குறைந்தபட்சம் ஒரு கன மீட்டர் என்று கணக்கு வைப்பார்கள். அதனால் ஐந்தாறு பெட்டி மட்டும் அனுப்புகிறவர்தான் இதில் அதிகம் நொந்துபோகிறார். எங்கள் சாமானுக்குச் சென்னையில் கட்டியதைவிட டொரண்டோவில் கட்டியது அதிகம். அனுப்பியவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை; நாங்களும் எழுத்தில் கேட்கவில்லை.

இன்னொன்று, கூட்டுச் சாமான் என்பதால் வரும் சங்கடம். உங்கள் தாள் பழுதில்லாமல் இருந்தாலும், அதே கண்டெய்னரில் இருக்கும் வேறொருவர் சாமானில் சந்தேகம் வந்தால் கண்டெய்னர் மொத்தமும் நிற்கும். சோதனைக்குச் சுங்கம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கி ஏற்றும் கூலி சாமான்காரர் தலையில்தான். பங்கு பிரித்தும் வசூலிப்பார்கள்.

முத்திரைக்கு நீங்களே போகலாம். தெரிந்தவர்கள் செய்துகொள்ளக்கூடிய வேலைதான். இல்லையென்றால் எழுத்தில் அதிகாரம் கொடுத்துச் சுங்கத் தரகரை வைத்துக்கொள்ளலாம், அவருக்குத் தனிக் கட்டணம்.

கடல்வழிக்கென்று கவனிக்க வேண்டியவை சில உண்டு. மரப்பெட்டி, பலகை வைத்துக் கட்டினால் அது பூச்சி அண்டாமல் பதம் செய்து, அதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 என்கிற சர்வதேச முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். அம்மியோ உரலோ தொட்டியோ, மண் ஒட்டாமல் தேய்த்துக் கழுவுங்கள். நூறு வருடம் தாண்டிய சிலையும் விளக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டைவிட்டுப் போகக் கூடாது. பழமையான தோற்றம் இருந்தாலே, தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிவிடுங்கள். மயில் தோகை விசிறியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அதன் ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. ஈட்டி மரம் 2017 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தில் ஊஞ்சல், கட்டில் என்றால் அனுமதித் தாளைப் பற்றி முன்னரே விசாரியுங்கள்.

யாருக்கு? மூன்று கன மீட்டருக்கு மேல் சாமான், அதிலும் புத்தகம், பித்தளை, வெண்கலம் என்று எடை கூடியவை, அவசரமில்லை, டொரண்டோவில் கார் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் இருக்கிறார் என்றால் இந்த வழி நியாயமானது. கடலில் கூலி பெரும்பாலும் இடத்துக்குத்தான், எடைக்கு இல்லை.

## வழி 4: முழு கண்டெய்னர், டோர் டு டோர்

இருபது அடி கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். கட்டில், சோபா, மேசை அடுக்கும்போது விழும் இடைவெளியைக் கழித்தால் இரண்டு பெட்ரூம் வீடு அடங்கும். அடுத்தவர் சாமானால் வரும் தொல்லை கிடையாது. மூவர்ஸ் கம்பெனியே கட்டி, அனுப்பி, தரகரை வைத்து, இறக்கியும் தரும். தொகை பெரிது, ஆனாலும் ஒரே தொகை என்கிற நிம்மதி உண்டு.

அந்த 'டோர்' எது என்று கேளுங்கள். கட்டட வாசலா, பதினெட்டாவது மாடியில் உங்கள் கதவா? டொரண்டோ காண்டோக்களில் (அடுக்குமாடி வீடுகளில்) சாமான் ஏற்ற லிஃப்ட்டை நாள் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், டெபாசிட்டும் கேட்பார்கள். கண்டெய்னர் லாரி சந்துக்குள் வராவிட்டால் சின்ன வண்டியில் மாற்றி ஏற்றக் கூலி. டிரைவர் காத்திருக்கும் நேரம் தாண்டினால் மணிக்கு இவ்வளவு. கண்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் நாளுக்கு இவ்வளவு. சோதனை வந்தால் அந்தச் செலவு ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்காது. நீங்களே கட்டிய பெட்டியில் உடைந்ததற்கு இன்சூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது.

கம்பெனி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றாலும், வந்திறங்கும் அன்று பட்டியலைக் கொடுத்து எண் வாங்குவது உங்கள் வேலைதான்.

தேக்குக் கட்டிலைப் பற்றி வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று மிக வறண்டது. நம் ஊர் ஈரத்தில் பழகிய மரம் அங்கே சுருங்கும், இணைப்பு விடும், சில சமயம் வெடிக்கும். பீரோவுக்கும் வேலை குறைவு, பெட்ரூமில் சுவரோடு சேர்ந்த அலமாரி இருக்கும்.

யாருக்கு? வீடு வாங்கியாகிவிட்டது அல்லது நீண்ட கால வாடகைக்கு வீடு உறுதியாகிவிட்டது, நகர்வுச் செலவை வேலை கொடுப்பவர் ஏற்கிறார் என்றால். சொந்தக் காசில் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

## வழி 5: விற்றுவிட்டுப் போவது

கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றையும் விற்றுவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகும். 60 ஹெர்ட்ஸ் மாறாது, கிரைண்டர் மோட்டார் வேகம் கூடி ஓடும். கனடா மின்சாரத்துக்கென்றே செய்த கிரைண்டர் அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் இடியாப்ப உரலும் புட்டுக்குழலும் தோசைக்கல்லும் கிடைக்கும். நாற்பது வருடமாக அங்கே வாழும் சமூகம் சமையலறைக்கு வேண்டியதையெல்லாம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

இதில் மறைந்திருக்கும் செலவும் உண்டு. அவசரமாக விற்றால் பாதி விலைகூடக் கிடைக்காது. முதல் மாதத்தில் மெத்தை, மேசை, பாத்திரம் எல்லாம் டாலரில் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும், கடையில் போட்டிருக்கும் விலைக்கு மேல் ஒன்டாரியோவில் 13 விழுக்காடு விற்பனை வரி.

## ஒரே பார்வையில்

| வழி | கூலி எதற்கு | சுங்கத்தில் யார் | வரும் காலம் | பணம் நழுவும் இடம் |
|---|---|---|---|---|
| கூடப் பெட்டி | எண்ணிக்கைக்கு | நீங்கள், அங்கேயே | அன்றே | கவுண்டரில் கூடுதல் கட்டணம் |
| ஏர் கார்கோ | எடை அல்லது கன எடை | நீங்கள் அல்லது தரகர் | 1-2 வாரம் | கிடங்கு வாடகை |
| பங்கு கண்டெய்னர் | கன மீட்டருக்கு | நீங்கள் அல்லது தரகர் | 2-3 மாதம் | இறங்கும் இடக் கட்டணங்கள், சோதனைப் பங்கு |
| முழு கண்டெய்னர் | கண்டெய்னருக்கு | கம்பெனியின் தரகர் | 2-3 மாதம் | காத்திருப்பு, மாடி, சோதனை |
| விற்றுப் போவது | - | - | - | முதல் மாத வாங்குதல் |

## மூன்று கடிதங்களுக்குப் பதில்

கோவையிலிருந்து எழுதியவருக்கு: ஆறு பெட்டிக்குப் பங்கு கண்டெய்னர் வேண்டாம். அதே ஆறையும் கூடுதல் பெட்டியாக விமானத்திலேயே கொண்டுவாருங்கள். கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது, அலைச்சல் மிச்சம்.

மதுரையில் ஆயிரத்துக்கு மேல் புத்தகம் சேர்த்து வைத்திருக்கும் ஆசிரியர் ஐயாவுக்கு: கடல்வழியே அனுப்புங்கள். பெட்டி 15 கிலோவைத் தாண்டாமல் கட்டுங்கள், பெரிய பெட்டி அடி பிளந்துவிடும். அத்தனை தலைப்பையும் எழுத வேண்டாம். பெட்டிக்கு எத்தனை புத்தகம், என்ன வகை, பழையவை என்று எழுதினால் போதும். சென்னையில் பணம் கட்டுமுன், டொரண்டோவில் கட்ட வேண்டிய ஒவ்வொரு கட்டணத்தையும் பெயரோடும் தொகையோடும் மெயிலில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த மாதம் கல்யாணம், அதன்பின் ஒன்றரை மாதத்தில் பயணம் என்று எழுதிய காரைக்குடித் தங்கைக்கு: சீரில் வரும் வெள்ளிப் பாத்திரமும் பித்தளையும் இன்னும் பயன்படுத்தாதவை, வரி விழுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணப் பரிசுக்கும் மணமகளின் சீர்வரிசைக்கும் 'பயன்படுத்தியிருக்க வேண்டும்' என்கிற நிபந்தனை கிடையாது. வருகைக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடந்திருந்தாலும், வந்தபின் மூன்று மாதத்துக்குள் நடக்கவிருந்தாலும் சரி. உங்கள் தேதி அதற்குள் அடங்குகிறது. பட்டியலில் அவற்றைச் 'சீர்' என்று தனித் தலைப்பில் ஆங்கிலத்தில் விளக்கி எழுதுங்கள். திருமணப் பதிவுச் சான்றும், சீர்வரிசையைப் பரப்பி வைத்து எடுத்த படமும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.